கால்சியம் ஏறிய காலை

கானாவாழை இலையின் அடித்தோலை உரிக்கக் கை நடுங்காமல் இருக்க வேண்டும். இலையின் ஓரத்தை லேசாக ஒடித்து, சின்னக் கவ்வியால் பிடித்து இழுத்தால் கண்ணாடிக் காகிதம் போல ஒரு படலம் வரும். அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டு நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தால், இரண்டிரண்டாக ஒட்டி நிற்கும் அவரை விதைகள் மாதிரி காவல் செல்கள் தெரியும். அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள பிளவுதான் இலைத்துளை. செடி மூச்சு விடுவதும் தண்ணீரை இழப்பதும் அதன் வழியாகத்தான். எண்பதுகளின் கடைசியில் நாலு வருஷம் நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பிளவைத்தான்.

அப்போது நான் கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறையில் ஆராய்ச்சி மாணவி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் அக்காவும் நானும் குடியிருந்தோம். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, ரயில் பாதையைப் பார்த்த ஒரு ஜன்னல். செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்த அப்பாவும், அவருக்கு முன்னால் அம்மாவும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அக்கா என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. விடியுமுன் பஸ் பிடித்துப் போய் மூன்று மணி வாக்கில் திரும்புவாள். கல்யாணம் அமையவில்லை. அதைப் பற்றி அவள் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. வகுப்பறையில் நின்றால் கடைசி பெஞ்சுக்கும் அடுத்த வகுப்புக்கும் சேர்த்துக் கேட்கிற கனத்த குரல் அவளுக்கு. வீட்டிலும் அதே குரல்தான். அவள் என்னை "பாப்பா" என்று கூப்பிட்டால் கீழே தையல் கடையில் மிஷின் ஓட்டும் ஆன்டி நிமிர்ந்து பார்ப்பார்.

நான் வளர்த்த செடிகளின் தாய்ச்செடி எங்கள் வீட்டுக்குப் பின்னால், ரயில் பாதையோரம் முளைத்துக் கிடந்தது. அதைத் தொட்டியில் எடுத்துக்கொண்டு போன அன்று அக்கா சிரித்தாள்.

"இதப் புடுங்கிப் போடத்தான் எஸ்டேட்ல நம்ம ஆளுங்கள வச்சிருந்தாங்க. நீ தொட்டியில வச்சுத் தண்ணி ஊத்துறியா?"

"இதோட தோலுதான்கா ஈஸியா உரியும்."

"உரிச்சு?"

"உள்ள கால்சியம் ஏறுதா இறங்குதான்னு பாக்கணும்."

"சுண்ணாம்புச் சத்தா? நல்லா பாரு லா," என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தப் போய்விட்டாள். அதற்குமேல் அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டில் நாங்கள் பேசிக்கொள்வதற்கு வேறு விஷயங்கள் இருந்தன.

எனக்கு வழிகாட்டியாக இருந்தவர் ஒரு சீனப் பேராசிரியை. இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்தவர். வேகமாக நடப்பார், அதைவிட வேகமாகப் பேசுவார். முதல் நாள் அவர் எனக்குச் சொன்னது நினைவிருக்கிறது. செல்லுக்குக் கால்சியம் என்றால் பயம் என்றார். செல்லின் சுவரில் கால்சியம் நிறைய இருக்கிறது. செல்லுக்கு நடுவே தண்ணீர்ப் பை மாதிரி ஒன்று இருக்கிறதே, அதற்குள்ளும் நிறைய. ஆனால் உயிர் ஓடுகிற அந்த மெல்லிய சாற்றில் மட்டும் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அங்கே கூடினால் உயிருக்குத் தேவையான பாஸ்பேட்டோடு சேர்ந்து கட்டியாகிவிடும். அதனால் செல் ராப்பகலாகக் கால்சியத்தை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கிறது. அப்படி அமைதியாக வைத்திருப்பதால்தான், கொஞ்சம் உள்ளே கசிந்தாலும் அது ஒரு செய்தியாகிறது என்றார்.

மண் காயும்போது செடிக்குள் ஒரு அமிலம் ஊறும். அது காவல் செல்லை வந்து தொட்டதும் கதவுகள் திறந்து கால்சியம் உள்ளே பாயும். அதற்கென்றே காத்திருக்கும் புரதங்கள் அதைப் பிடித்துக்கொண்டு உருமாறும், அடுத்ததைத் தட்டிவிடும். செல்லிலிருந்து உப்பு வெளியேறும், உப்பின் பின்னால் தண்ணீர் போகும். விறைத்து நின்ற செல் துவண்டு பிளவு மூடிக்கொள்ளும். மழையில்லாத நாளில் செடி சாகாமல் இருப்பது இப்படித்தான். அது முடிந்ததும் செல் மறுபடி கால்சியத்தை இறைத்து வெளியே தள்ளிவிடும். வறட்சி மட்டுமில்லை. காற்று ஆட்டினாலும், குளிர்ந்த தண்ணீர் பட்டாலும், பூஞ்சை துளைத்தாலும் செடிக்குள் முதலில் அசைவது பெரும்பாலும் கால்சியம்தான். நரம்பில்லாத உயிர், உடம்பு முழுக்க இந்த ஒன்றை வைத்துக்கொண்டு தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறது.

இதை நேரில் பார்ப்பதுதான் என் வேலை. தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியைக் காவல் செல்லுக்குள் செலுத்தி, ஒரு சாயத்தை விட வேண்டும். கால்சியம் கூடினால் அந்தச் சாயத்தின் ஒளி மாறும். ஒளியை ஒரு கருவி அளக்கும், ஒரு பேனா சுருள் காகிதத்தில் கோடு போடும். கேட்க எளிதாக இருக்கும். காலையிலிருந்து மாலை வரை குத்தினாலும் ஒரு செல்கூடப் பிழைக்காத நாட்கள் உண்டு. வெளியே லோரி போனால் மேஜை அதிரும், ஊசி வழுக்கும், செல் வெடிக்கும். செல் செத்தால் கால்சியம் சுற்றிலுமிருந்து உள்ளே வெள்ளமாக வரும். பேனா மேலே ஏறி அங்கேயே நின்றுவிடும். முதல் வருஷம் அப்படி ஏறிய கோட்டைப் பார்த்து நான் துள்ளிக் குதித்திருக்கிறேன். பேராசிரியை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார். ஏறிய கோடு இறங்கினால்தான் அது செய்தி, இறங்காவிட்டால் அது சாவு என்பார்.

மூன்று வருஷம் எனக்குக் கிடைத்ததெல்லாம் சாவுகள்தான்.

அக்காவின் கழுத்தில் இருந்த கட்டியை நான் சின்ன வயதிலிருந்தே பார்த்து வந்தேன். தைராய்டு வீங்கியது. முதலில் எலுமிச்சம்பழம் அளவில் இருந்தது. நான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பிறகு வேகமாக வளர்ந்தது. இரவில் மல்லாந்து படுத்தால் மூச்சு இழுக்கும். பஸ்ஸில் பிள்ளைகள் வெறித்துப் பார்க்கிறார்கள் என்று சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். அறுவை சிகிச்சை என்றாலே பேச்சை மாற்றிவிடுவாள். குரல் போய்விடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"கொரல் போச்சுன்னா நான் எதுக்கு இருக்கேன்? பிள்ளைங்களுக்கு சைகையிலயா பாடம் எடுப்பேன்?"

நான்தான் விடாமல் நச்சரித்தேன். எல்லாம் படித்தவள் மாதிரிப் பேசினேன். இந்தக் காலத்தில் இது சின்ன ஆபரேஷன் என்றேன். கடைசியில் ஆண்டு இறுதி விடுமுறையில் ஒத்துக்கொண்டாள். ஒரு வியாழக்கிழமை அவளை உள்ளே கொண்டு போனார்கள். வெளியே வந்து கண் விழித்ததும் அவள் முதலில் சொன்ன வார்த்தை "பாப்பா". குரல் கரகரத்தது, ஆனால் இருந்தது. நான் அழுதுவிட்டேன். அவளும் கழுத்துக் கட்டு அசையாமல் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரைப் பையோடு மலாயில் அச்சடித்த ஒரு தாளையும் தாதி கொடுத்தார். ஏதோ விளக்கினார். நான் டாக்சி வந்துவிட்டதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். தாளை மடித்து மாத்திரைப் பைக்குள் வைத்தேன்.

திங்கட்கிழமை காலை அக்கா கஞ்சி குடித்துக்கொண்டே உதட்டைத் தடவிப் பார்த்தாள்.

"ஒதடு கெபாஸா இருக்கு பாப்பா."

கெபாஸ் என்றால் மரத்துப் போவது. மலாய்ச் சொல், ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு வேறு சொல்லே கிடையாது.

"மயக்க மருந்து இன்னும் எறங்கலக்கா. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

செவ்வாய்க்கிழமை விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றாள். கை மேல் தலை வைத்துத் தூங்கியிருப்பாய் என்றேன். விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைவிட என் செடிகளைப் பற்றித்தான் கவலை. ஒளியை அளக்கும் நுண்ணோக்கி வேறொரு துறைக்குச் சொந்தமானது. வாரத்தில் இரண்டு நாள்தான் எங்களுக்குத் தருவார்கள். அக்காவின் ஆபரேஷனால் ஏற்கெனவே ஒரு வாரம் போய்விட்டது. புதன்கிழமை என் முறை.

அந்தப் புதன் காலை நான் தலை வாரிக்கொண்டிருந்தபோது சமையல்கட்டிலிருந்து கூப்பிட்டாள். வெங்காயம் நறுக்க உட்கார்ந்திருந்தாள். கத்தி தரையில் கிடந்தது. அவளுடைய வலது கை விசித்திரமாக மடங்கியிருந்தது. நாலு விரலும் நீட்டியபடி ஒன்றாக ஒட்டி, கட்டை விரல் உள்ளங்கைக்குள் புகுந்து, மணிக்கட்டு கீழ்நோக்கி வளைந்திருந்தது. குங்குமம் எடுக்கக் கை குவித்த மாதிரி.

"விரிக்க முடியல பாப்பா. இழுத்துப் புடிக்குது."

நான் தைலம் எடுத்து வந்து தேய்த்தேன். ஐந்து நிமிஷத்தில் விரல்கள் மெல்ல விரிந்தன.

"ஒரு வாரமா படுத்தே இருக்கல்ல, அதான் புடிச்சுக்குது. நீ ஏன் வெங்காயத்தப் போயி நறுக்குற? நான் மத்தியானம் வந்து சமைக்கிறேன்."

"வேணும்னா இன்னிக்கு இருந்துட்டுப் போறியா?" என்று கேட்டாள். அக்கா அப்படிக் கேட்கிறவள் இல்லை. அது எனக்கு உறைத்தது. ஆனாலும், "இன்னிக்கு விட்டா அடுத்த வாரம்தான்கா மிஷின் கிடைக்கும்," என்றேன்.

"சரி சரி, போ. எனக்கு ஒண்ணும் இல்ல."

படியிறங்கும்போது தையல் கடை ஆன்டியிடம் அக்காவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவ்வளவுதான் நான் செய்தது.

கறுப்புத் துணி தொங்கவிட்ட அந்தச் சின்ன அறையில் அன்று எல்லாம் சரியாக நடந்தது. மூன்றாவது செல்லிலேயே ஊசி நின்றது. சாயம் பரவியது. பேனா அடிமட்டத்தில் அசையாமல் ஓடிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் காத்தேன். பிறகு அந்த வறட்சி அமிலத்தை ஒரு சொட்டு விட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் பேனா நகர்ந்தது. மெல்ல ஏறியது, உச்சியில் நின்றது, நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்திருக்க, இறங்க ஆரம்பித்தது. கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. நுண்ணோக்கியில் பார்த்தேன். பிளவு மூடிக்கொண்டே வந்தது. செல் உயிரோடு இருந்தது. அதற்குள் ஒரு செய்தி போனதை நான் பார்த்திருந்தேன்.

காகிதத்தின் ஓரத்தில் நேரத்தை எழுதினேன்: பதினொன்று இருபது. பேராசிரியையைக் கூப்பிட்டேன். அவர் வந்து காகிதத்தை இரண்டு கையாலும் விரித்துப் பார்த்தார். என் தோளை ஒருமுறை அழுத்தினார். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டு மணிக்கு அலுவலகக் குமாஸ்தா கதவைத் தட்டினார். பிரிக்பீல்ட்ஸிலிருந்து போன். தையல் கடை ஆன்டி அழுதுகொண்டே பேசினார். மாடியில் தொப்பென்று சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறார். குளியலறை வாசலில் அக்கா கிடந்திருக்கிறாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. தொண்டை அடைத்து, மூச்சு உள்ளே போகாமல் கூவுகிற மாதிரி ஒரு சத்தம் வந்ததாம். எதிர்க்கடைக்காரர் தன் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். பதினொன்று, பதினொன்றரை இருக்கும் என்றார்.

மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் ஏற்றியிருந்த குழாய் வழியாக ஒரு மருந்தை மிக மெதுவாகச் செலுத்திக்கொண்டிருந்தார். கண் முழுக்க இதயத் துடிப்பு காட்டும் திரையிலேயே இருந்தது. முகத்தில் குழாய் மாட்டியிருந்ததால் அக்கா பேசவில்லை. ஆனால் அந்தக் குவிந்த விரல்கள் என் கண்ணெதிரே ஒவ்வொன்றாகத் தளர்ந்து விரிந்தன.

"என்ன மருந்து டாக்டர்?" என்று கேட்டேன்.

"கால்சியம்," என்றார். தமிழர்தான். "ரத்தத்துல கால்சியம் ரொம்ப எறங்கிப் போச்சு. தைராய்டுக்குப் பின்னால அரிசி மாதிரி சின்னச் சின்னதா நாலு சுரப்பி இருக்கும். அதுதான் ரத்தத்துல கால்சியத்த அளந்து வைக்கும். தைராய்ட எடுக்கும்போது சில பேருக்கு அது அடிபட்டுப் போயிடும். கால்சியம் கொறைஞ்சா நரம்பு சும்மா சும்மா துடிக்கும், தசை இழுக்கும். நீங்க யாரு, தங்கச்சியா?"

"ஆமா."

"மொதல்லயே வாய்கிட்ட, விரல்ல எல்லாம் கெபாஸ் இருந்திருக்குமே. அவங்க ஒண்ணும் சொல்லலயா?"

"சொன்னாங்க."

"எப்ப இருந்து?"

"திங்கக்கெழமலேர்ந்து."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "வீட்டுக்கு அனுப்பும்போது தாள் குடுத்திருப்பாங்களே," என்றார். பிறகு பேச்சை மாற்றுகிறவர் மாதிரி, "நீங்க என்ன வேல செய்றீங்க?" என்று கேட்டார்.

"யுனிவர்சிட்டியில ஆராய்ச்சி பண்றேன்."

"எதுல?"

"செடி," என்றேன்.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது வரியிலேயே இருந்தது. உதட்டிலோ விரல்களிலோ கெபாஸ் இருந்தால் உடனே திரும்பி வரவும் என்று. அக்கா சொன்ன அதே சொல்.

எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். செடியின் செல்லுக்குள் ஏறி இறங்குவது வேறு, மனித ரத்தத்தில் குறைவது வேறு. நான் டாக்டருக்குப் படித்தவள் இல்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் என் மேஜையில் இருந்த தடித்த பாடப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே, விலங்குகளின் நரம்பும் தசையும் கால்சியத்தை நம்பியே இருக்கின்றன என்று அரைப்பக்கம் எழுதியிருந்தது. கால்சியம் குறைந்தால் கை எப்படி மடங்கும் என்று ஒரு படமும் போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை நான் பென்சிலால் கோடிட்டுப் படித்திருந்தேன். முன்னுரைக்கு உதவும் என்று.

அக்கா பிழைத்தாள். ஆனால் மூச்சடைத்துக் கிடந்த அந்தச் சில நிமிஷங்கள் அவளிடமிருந்து சிலவற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டன. பழைய விஷயங்கள் இருந்தன. அம்மா செத்த நாளில் யார் யார் வந்தார்கள் என்று சொல்வாள். புதியவை நிற்கவில்லை. காலையில் வந்தவர் மாலையில் மறந்துபோவார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போய் நிற்பாள். எதற்கென்றில்லாமல் கோபம் வரும். அவள் அவ்வளவு பயந்து காப்பாற்றிய குரல் மட்டும் முழுசாகத் திரும்பி வந்தது.

மூன்று மாதம் கழித்துப் பள்ளிக்குப் போகிறேன் என்று பிடிவாதம் பிடித்தாள். நானும் கூடப் போனேன். மூன்றாம் வகுப்பு. பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். கரும்பலகையில் தேதி எழுதிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தாள். நான் வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் நன்றாகப் போனது. பிறகு சொன்ன வாக்கியத்தையே மறுபடி சொன்னாள். அப்புறம் மறுபடியும். ஒரு பிள்ளை சிரித்தது. இன்னொன்று, "டீச்சர், சொல்லிட்டீங்க டீச்சர்," என்றது. அக்கா சாக்கட்டியை மேஜையில் வைத்துவிட்டுத் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலைமையாசிரியர் ரொம்ப நல்ல மனுஷர். தேநீர் வாங்கிக் கொடுத்து, எங்களை பஸ் நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டார். மருத்துவக் காரணம் காட்டி அவள் வேலையிலிருந்து விலக வேண்டியதாயிற்று. அப்போது அவளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

நான் மறுபடி ஆய்வகத்துக்குப் போனபோது பேராசிரியை அந்தக் கோட்டைச் சட்டம் போடாத குறையாகத் தன் அறைப் பலகையில் குத்தி வைத்திருந்தார். ஓரத்தில் என் கையெழுத்தில் பதினொன்று இருபது. அவருக்கு எதுவும் தெரியாது. அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அடுத்த ஒரு வருஷத்தில் அதே மாதிரி இன்னும் சில கோடுகள் கிடைத்தன. ஒன்றும் அந்த முதல் கோட்டளவு சுத்தமாக இல்லை. சில செல்கள் கால்சியம் ஏறாமலே மூடிக்கொண்டன. அது ஏன் என்று எங்களுக்குக் கடைசி வரை விளங்கவில்லை. ஆய்வேட்டில் அந்த முதல் கோடுதான் பெரிய படமாகப் போனது. வாய்மொழித் தேர்வில் ஒருவர் அதைத் தொட்டுக் காட்டி, இதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் தெரியுமா என்று பாராட்டினார். நான் நன்றி சொன்னேன்.

பட்டம் வாங்கியதோடு ஆராய்ச்சியை விட்டுவிட்டேன். கிள்ளானில் எண்ணெய்ப்பனை இலைகளைச் சோதிக்கும் ஒரு ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. காய்ந்த இலையைச் சாம்பலாக்கி, அதில் எவ்வளவு கால்சியம், எவ்வளவு பொட்டாசியம் என்று அளந்து எழுதுகிற வேலை. உயிரோடு எதையும் பார்க்க வேண்டியதில்லை. அக்காவோடு கிள்ளானிலேயே ஒரு வரிசை வீட்டுக்குக் குடி போனேன். காலையில் இரண்டு, இரவு இரண்டு என்று கால்சியம் மாத்திரைகளை நானே எண்ணி அவள் உள்ளங்கையில் வைப்பேன். நான் வேலைக்குப் போகிற நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்துக்கொள்வார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பேராசிரியையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வெளிநாட்டில் ஜெல்லிமீனின் ஒளிரும் புரதத்தைப் புகையிலைச் செடிக்குள் வைத்துவிட்டார்களாம். ஊசியே வேண்டாமாம். செடியைத் தொட்டால், குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால், கால்சியம் ஏறி இலை தானாகவே வெளிச்சம் விடுகிறதாம். நாம் என்ன பாடுபட்டோம் என்று எழுதியிருந்தார். எனக்குப் பொறாமை வரவில்லை. கடிதத்தை மடித்து, அலமாரியில் இருந்த ஆய்வேட்டுக்குள் செருகி வைத்தேன்.

அந்த ஆய்வேட்டை அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எடுத்துவிட்டாள். வெளியே நல்ல மழை. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த நாட்களில் அவளுக்குக் கொஞ்சம் தேறியிருந்தது. ஒரு விஷயத்தை ஒரு மணி நேரமாவது பிடித்து வைத்துக்கொள்வாள்.

"பாப்பா, இது நீ எழுதுனதா?"

"ஆமாக்கா."

"என்னான்னு சொல்லு. டீச்சருக்குச் சொல்ற மாதிரி சொல்லு."

நான் சொன்னேன். காவல் செல், இலைத்துளை, செல் கால்சியத்தை இறைத்து வெளியே தள்ளுவது, தொட்டாலும் குளிர்ந்தாலும் காய்ந்தாலும் அது உள்ளே பாய்வது, எல்லாம் சொன்னேன். பாடம் ஒப்பிக்கும் மாணவியைப் பார்க்கிற மாதிரி தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டாள். முடிந்ததும் யோசித்தாள்.

"தொட்டாலும் அதுதான் வருது, காஞ்சாலும் அதுதான் வருது. அப்ப எதுக்கு வந்துச்சுன்னு செடிக்கு எப்புடித் தெரியும்?"

நான் துணியைக் கீழே வைத்துவிட்டேன். அந்தத் துறையில் எல்லோரையும் குழப்பிக்கொண்டிருந்த கேள்வி அது. நாலு வருஷத்தில் நானாக அதைக் கேட்டதில்லை. பேராசிரியை கேட்டுத்தான் எனக்கே உறைத்தது.

"சரியா யாருக்கும் தெரியலக்கா. எவ்வளவு ஏறுது, எத்தன தடவ ஏறி எறங்குது, செல்லுல எந்தப் பக்கம் ஏறுது, அதுல இருக்கலாம்னு சொல்றாங்க."

"ம்," என்றாள். ஒரு நல்ல ஆசிரியை போய்விட்டாளே என்று நினைத்துக்கொண்டேன். அவள் பக்கத்தைப் புரட்டினாள். பெரிய படத்தின் மேல் விரலை வைத்தாள். அதற்குக் கீழே எழுதியிருந்ததைப் படித்தாள். பிறகு படத்தைப் பார்த்துக்கொண்டே, அமைதியாகக் கேட்டாள்.

"அப்ப எனக்கு ஒதடு கெபாஸா இருக்குன்னு சொன்னப்ப, உனக்குத் தெரியும்தானே?"

அந்த வாரம் அவளுக்கு நினைவில் இல்லை என்றுதான் அத்தனை வருஷமும் நம்பியிருந்தேன். அவளிடம் நானாகச் சொன்னதும் இல்லை.

"தெரிஞ்சிருக்கணும்கா," என்றேன். "படிச்சிருந்தேன். தோணல. எனக்கு அன்னிக்கு லேப்புக்குப் போகணும்னுதான் இருந்துச்சு."

"நான் இருன்னு சொன்னேன்."

"சொன்ன."

அவள் ஆய்வேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மழை விட்டதும் எழுந்து அதை அலமாரியில் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, முகம் கழுவி, சாமி விளக்கை ஏற்றினாள். அன்றிரவு நான் மாத்திரைகளை நீட்டியபோது வாங்கவில்லை. டப்பாவையே என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். அதற்குப் பிறகு அது அவள் அறையில்தான் இருந்தது. எதை மறந்தாலும் மாத்திரை நேரத்தை மட்டும் அவள் ஒருநாளும் மறக்கவில்லை. என் கையால் ஒரு மாத்திரைகூட வாங்கிச் சாப்பிடவும் இல்லை.

மற்றபடி நாங்கள் சண்டை போடவில்லை. சமைத்தோம், சேர்ந்து சாப்பிட்டோம், தைப்பூசத்துக்கு முன்பு கூட்டமில்லாத நாளாகப் பார்த்துப் பத்துமலைக்குப் போய் வந்தோம். அவள் மேலே ஏறவில்லை, நான் மட்டும் படியேறினேன். அவள் கீழே உட்கார்ந்து புறாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கி வந்தபோது பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மாவிடம், தான் ஒரு பள்ளியில் வேலை செய்வதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் திருத்தவில்லை.

தொண்ணூறுகளின் இறுதியில் அவளுக்கு நிமோனியா வந்தது. கிள்ளானில் ஒரு வார்டில் பத்து நாள் கிடந்தாள். நான் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அங்கேயே இருந்தேன். ஏழாவது நாளோ எட்டாவது நாளோ, புதிதாக வேலைக்கு வந்த தாதி ஒருத்தி கட்டிலில் தலையணை மாற்றிக்கொண்டே, அவளுக்குச் சுயநினைவு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக என்னைக் காட்டிக் கேட்டாள்.

"இவங்க யாரு ஆன்டி? தெரியுதா?"

அக்கா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். மூச்சு வாங்கியது. குரல் மட்டும் அப்போதும் கனமாகவே இருந்தது.

"என் தங்கச்சி," என்றாள். பிறகு, "சயின்ஸ் படிச்சவ," என்றாள்.

தாதி சிரித்துக்கொண்டே, "அப்படியா, கெட்டிக்காரிதான்," என்றாள். அக்கா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்த பார்வையையும் எடுக்கவில்லை. அதைப் பெருமையாகச் சொன்னாளா, வேறு மாதிரிச் சொன்னாளா என்று நான் அவளிடம் கேட்டிருக்கலாம். அதற்குப் பிறகும், போய்ச் சேரும்வரை, இரண்டு நாள் அவள் பேசக்கூடிய நிலையில்தான் இருந்தாள். நான் தண்ணீர் வேண்டுமா, போர்த்தட்டுமா என்று கேட்டேன். அதை மட்டும் கேட்கவில்லை.